தூக்கட்டுமா என்று கேட்டார்கள்

வேண்டாம் என்று சொன்னது நானா, என் வாயா என்பது இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் வேறு வேறு ஆளா என்று யாராவது சிரிப்பார்கள். ஆனாலும் அப்படித்தான் நடந்தது. அந்தப் போலீஸ்காரப் பெண் என் முன்னால் குனிந்து, "தூக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். உடனே வாய் "வேண்டாம்" என்றது. நான் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. அவள் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அம்மா வேண்டாங்காங்க, விட்டுருங்க என்று கையை வீசினார், கைதானவர்களை ஏற்றிய டவுன் பஸ் கிளம்பிவிட்டது. எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆட்கள் எல்லோரும் அதற்குள். நான் கூப்பிட்டு வந்தவர்கள். ஜன்னலில் இசக்கியம்மாளின் முகம் தெரிந்தது, அவள் என்னவோ கத்தினாள், கேட்கவில்லை. அவள் தோளில் என் பை, பைக்குள் என் போன். இப்போது நான் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், ரோட்டுக்கு நட்டநடுவில், என் சக்கர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். சாலை மறியல் முடிந்துவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

போகிற அவசரத்திலும் ஒரு மரியாதை செய்துவிட்டுத்தான் போனார்கள். என்னைச் சுற்றி இரும்புத் தடுப்புகளை வைத்திருக்கிறார்கள், ஏதோ ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் எழுதின தடுப்புகள். லாரியும் ஆட்டோவும் எனக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகப் போகின்றன. ஒரு ஆட்டோக்காரர் சிலைக்குக் கும்பிடு போடுகிற மாதிரி நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார், கிண்டலா பக்தியா தெரியவில்லை. என் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. ஏன் தள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் இதே இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, போலீஸ்காரர்களுக்கு வகுப்பு எடுத்தவள் நான். மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன போடு போட்டேன். எங்களைத் தொடுவதற்கு முன்னால் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குமேல் ஒரு விரல்கூடப் படக்கூடாது. இந்த நாற்காலியும் என் உடம்புதான், இதையும் தொடாதீர்கள். கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நல்ல மாணவர். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன், ஒருத்தரும் காதில் வாங்கியதில்லை. வாங்கின ஒரே மனிதர் இன்றைக்கு என்னை ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் கோபப்படலாமா கூடாதா என்றே தெரியவில்லை.

திட்டம் அப்படி இல்லை. திட்டம் போட்டதே நான்தான். ஊருக்குப் புதிதாக வாங்குகிற டவுன் பஸ்கள் தாழ்தள பஸ்களாக இருக்கும், நாற்காலியோடு நேரே உள்ளே போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். வந்து இறங்கினதெல்லாம் பழையபடி படிக்கட்டு வைத்த பஸ். பெயின்ட்தான் புதுசு. மனு கொடுத்தோம், காத்திருந்தோம், கடைசியில் மறியல் என்று முடிவெடுத்தோம். மறியல் என்றால் கைது, கைது என்றால் அந்த பஸ்ஸிலேயே தூக்கி ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைப்பார்கள், சாயங்காலம் விடுவார்கள், நடுவில் அதிகாரி யாராவது வந்து பேசுவார். ஒரு நாள் மட்டும் தூக்கிக்கொள்ளட்டும், கைதாகாமல் எவனும் வந்து பேசமாட்டான் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அவர்களும் சரி என்றார்கள், இன்றைக்குக் கேட்டபோது ஒவ்வொருத்தரும் தூக்குங்க என்று கையை விரித்தார்கள். கடைசியாக என்னிடம் வந்தார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது மண்டபத்தில் அதிகாரி வந்திருப்பார். பேசவேண்டியவள் இங்கே இருக்கிறாள். வெயிலில் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டு, போலீஸ் வந்ததும் தான் மட்டும் நழுவிக்கொண்டாள் என்றுதானே நாளைக்குப் பேச்சு வரும். வரட்டும் என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்.

ஏன் சொன்னேன். கொள்கைக்காகவா. கொள்கை என்றால் நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் படிக்கட்டை எதிர்த்து உட்கார்ந்தேனோ அதே படிக்கட்டில் என்னை மூட்டைபோல ஏற்றவிடமாட்டேன், அப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். யாரும் மறுக்கப்போவதில்லை. இசக்கியம்மாளே நம்பிவிடுவாள். ஆனால் அந்தப் பெண் குனிந்தபோது எனக்குள் ஓடியது படிக்கட்டும் இல்லை, சட்டமும் இல்லை. அந்தச் சத்தம்தான். அவள் இன்னும் தூக்கவே இல்லை, சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது. தூக்குகிறவர்கள் வாயிலிருந்து வருமே அது. எழுத்தில் வராது. ஹ்ம் என்று மூச்சு அடைத்து, பல்லைக் கடித்து, பாரம் கைக்கு வந்த நிமிஷத்தில் தொண்டையில் ஒரு முனகல். சத்தம் போட்டவர்களுக்கே தெரியாது. தூக்கப்படுகிறவளுக்குக் காதோடு காதாகக் கேட்கும். சின்ன வயதில் அண்ணன் சாமுவேல்தான் என்னை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போவான். உப்பளத்து ஓரமாகப் போகும் வழி, கண்ணைக் கூசும் வெள்ளை, அவன் சட்டைக் காலரில் தேங்காய் எண்ணெய் வாடை. நான் அவன் முதுகில் இருந்துகொண்டே வாய்ப்பாடு சொல்வேன், அவன் தப்புப் பிடிப்பான். நான் ஒரு பாரம் என்றே எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குக் குனிந்து என்னை ஏற்றினான். அந்தச் சத்தம் வந்தது. அவன் கவனிக்கவில்லை, வழக்கம்போல, "ஏட்டி ஜெபக்கனி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றான். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோனது. அன்றைக்கு இரவு ஒரு தோசையோடு எழுந்துகொண்டேன். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை சத்தம். அண்ணன் கல்யாணத்தில் சர்ச் படிக்கட்டில் நாலு பேர் பீரோவைத் தூக்குகிற மாதிரி ஒன்று, ரெண்டு, மூணு சொல்லி நாற்காலியோடு தூக்கினார்கள், பட்டுச்சேலையும் நானுமாக அந்தரத்தில் சாய்ந்தபோது பாட்டுக்காரர்கள் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். ஓட்டுப் போடப் போனால் ஒரு சத்தம், ரயிலில் ஒரு சத்தம். அப்புறம் மதுரையில் ஒரு கூட்டம், என்னைப் போலவே நாற்காலியில் வந்த ஒரு அம்மா மேடைக்குக் கீழேயே இருந்து பேசினார். மேடைக்குத் தூக்கிவிடுகிறோம் என்று ஓடிவந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். என் உடம்பு, நான் சொன்னால்தான் தொடலாம் என்றார். இப்படிச் சொல்லலாமா. சொன்னால் கேட்பார்களா. அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். அதை வைத்துத்தான் சங்கம், வகுப்பு, மைக், எல்லாம். ஆனால் இப்போது இந்தத் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டது உரிமையையா, இல்லை, சத்தம் கேட்காமல் இருக்க எனக்கு ஒரு கௌரவமான வழி கிடைத்தது என்றா. அந்த அம்மாவுக்கும் இப்படி ஒரு சத்தம் இருந்ததா. கேட்கவில்லையே. ரெண்டுமே உண்மையாக இருக்கக்கூடாதா. இருக்கலாம். இருந்தால் இன்றைக்கு வாயைத் திறந்தது எது. இதோ மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன்.

"தண்ணி குடிக்கீங்களாம்மா?" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். அந்தப் போலீஸ்காரப் பெண்தான். என்னைப் பார்த்துக்கொள்ள அவளை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள். வேல்மயில் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வியர்வையில் நனைந்த முகம், கையில் மூடி திறந்த பாட்டில். "வேண்டாம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. மறியல் நாளில், கூட்டத்து நாளில், நாங்கள் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது. இந்த ஊரில் என் நாற்காலி நுழைகிற கக்கூஸ் என் வீட்டில்தான் இருக்கிறது. அதனால் தண்ணீர் வேண்டாம், டீ வேண்டாம், இன்னொரு இட்லி வேண்டாம், ஏனென்றால் இட்லி எடையாகும், எடை சத்தமாகும். யோசித்துப் பார்த்தால் என் வாய் தினமும் அதிகமாகச் சொல்கிற வார்த்தையே அதுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிடுகிறது. தொடுவதற்கு முன்னால் கேள் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன், என் வாய்க்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேல்மயில் பாட்டிலை மூடிக்கொண்டு தடுப்பில் சாய்ந்து நின்றாள். "ஒன்னு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீயளே" என்றாள். "கேளு." "எல்லாரும் ஏறுனாங்க. நீங்க மட்டும் ஏன்மா வேண்டாம்னீய? நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டனா? வகுப்புல சொன்ன மாதிரித்தானே கேட்டேன்." அவள் முகத்தில் நிஜமாகவே கவலை இருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நீ நல்லாத்தான் கேட்டே என்றேன். மண்டபத்தில் இப்போது சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதிகாரி வழுவழுவென்று பேசியிருப்பார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருப்பார், இசக்கியம்மாள் விடமாட்டாள், ஆனால் மற்றவர்கள் களைத்திருப்பார்கள், நம்ம செயலாளர் ஜெபக்கனி அக்கா எங்கே என்று ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். வீட்டுக்குப் போய்விடலாமா. இப்படியே உருட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போகலாமா, மேம்பாலத்தைத் தாண்டவேண்டும், என் கை அந்த ஏற்றத்துக்குத் தாங்காது. இங்கேயே உட்கார்ந்திருந்தால் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன். எதிர் பேக்கரியில் மக்ரூன் வாங்கினவன் போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தான். தனி ஒருத்தியின் போராட்டம் என்று போடுவான். பொய். நான் போராடவில்லை, வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அவர்களோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான் வேண்டும். சத்தம் கேட்டால் கேட்டுத் தொலையட்டும்.

"வேல்மயிலு, என்னையும் கைது பண்ணு" என்றேன். அவள் திடுக்கிட்டாள். "இப்பவாம்மா?" "இப்பத்தான். தூக்கி ஏதாவது வண்டியில ஏத்து. தூக்கலாம்னு நான் சொல்லுதேன்." அவள் இடமும் வலமும் பார்த்தாள். "வண்டி இல்லையேம்மா. நான் ஒருத்தி உங்கள எப்படித் தூக்க?" என்றாள், சொன்னவுடன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒருத்தியால் முடியாது. உண்மைதான். வாயை அடக்கி ஒருவழியாகச் சம்மதிக்கவைத்தால் தூக்க ஆள் இல்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடல் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது, மீன் வாடை. வெயில் தாழ்ந்து பஸ் ஸ்டாண்டுச் சுவரின் நிழல் என் சக்கரம் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த பஸ் மறுபடியும் வந்தது.

அதே பஸ். என்னைத் தாண்டி நின்றது. இன்னொரு கூட்டத்தைக் கைது செய்து கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் ஜன்னல் ஜன்னலாக எங்கள் ஆட்களே. ஒருத்தர் குறையவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, மண்டபத்து வாசல்ல பஸ் நின்னதுலேருந்து ஒரே பாடு. இறக்கட்டுமான்னு முறையாக் கேட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாம வேண்டாம்னுட்டாங்க. வேண்டாம்னா நான் எப்படித் தொட முடியும்? ஆபீசர் வாசல்ல நிக்கார், இவங்க பஸ்ஸுக்குள்ள இருக்காங்க. நீங்க வந்து சொன்னாத்தான் இறங்குவாங்களாம்" என்றார். நான் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்படியில் இசக்கியம்மாள் வந்துவிட்டாள். கையில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தார் ரோட்டில் கையை ஊன்றித் தவழ்ந்து, தடுப்பை நெட்டித் தள்ளிக்கொண்டு என் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினாள். தையல் கடை வைத்திருப்பவள், கையில் அப்படி ஒரு பலம். "எக்கா, என்ன மூளைக்கா உங்களுக்கு" என்றாள். "முன்னாலேயே எங்ககிட்டச் சொல்லப்பிடாதா? பஸ்ஸு கிளம்புன பிறகுதான் புரிஞ்சுது. அக்கா ஏற மாட்டேன்னுட்டா, நாம இறங்க மாட்டோம்னுவோம்னு பேசிக்கிட்டோம். இந்த பஸ்ஸையே புடிச்சு வச்சுக்கிட்டோம்லா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பஸ் முழுக்க முகங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செத்த பிறகும் பேசுவார்கள். எனக்குத் தாங்கவில்லை. குனிந்து அவள் காதோடு சொன்னேன். "மூளையும் இல்ல ஒன்னும் இல்லட்டி. நான் ரொம்ப கனமா இருப்பேன், தூக்குறவ முக்குவா, அதக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் வேண்டாம்னுட்டேன்." இசக்கியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "கனமாத்தான் இருப்பீய" என்றாள். "மழைக்காலத்துல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீயளே, நானும் எங்க மயினியுந்தானே தூக்குனோம். நான் கீழ உக்காந்து முட்டுக் கொடுத்தேன், அவ மேல புடிச்சு இழுத்தா. முக்கி முனகித்தான் தூக்குனோம். சத்தம் போடாம எப்படிக்கா தூக்க?" எனக்கு அந்தச் சத்தம் ஞாபகத்தில் இல்லை. இடுப்பு வலித்தது ஞாபகம் இருக்கிறது, அவள் அண்ணியின் வளையல் முதுகில் குத்தியது ஞாபகம் இருக்கிறது, இசக்கியம்மாள் விடாதீய விடாதீய என்று சொல்லிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. சத்தம் இல்லவே இல்லை. காதோடு காதாக இருந்திருக்கிறாள், சத்தம் போட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்காமல் போனது.

"இப்ப என்ன செய்ய?" என்று கேட்டேன். "ஏறுங்க. நீங்களும் உள்ள வாங்க. இறங்குறதுதான் இல்லைன்னு சொல்லியாச்சே. ஆபீசர் படியேறி பஸ்ஸுக்குள்ள வந்து பேசட்டும்" என்றாள். வேல்மயில் இன்னொரு போலீஸ்காரப் பெண்ணோடு வந்து குனிந்தாள். "தூக்கட்டுமாம்மா?" வாய் திறந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன், ஒரு மூச்சு விட்டேன். "தூக்கு. இடது காலை மட்டும் சேத்துப் பிடிச்சுக்கோ. முக்கணும்னா முக்கு" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்தாள். தூக்கினார்கள். அந்தச் சத்தம் வந்தது, இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று. இசக்கியம்மாள் கீழேயிருந்து விடாதீய விடாதீய என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அது போகவில்லை. வெட்கத்தோடேயே படிகளைத் தாண்டி ஜன்னலோரத்தில் இறக்கினார்கள். நாற்காலியைப் பின்னால் ஏற்றினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரோ என் தோளைக் கேட்காமலே தட்டினார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் படிக்கட்டை எதிர்த்து வந்தேனோ அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வேல்மயிலிடம் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினேன். பாதி பாட்டில் மடமடவென்று இறங்கிவிட்டது. இனிமேல் வரப்போகிற அவஸ்தை வரட்டும், இந்த அதிகாரிக்கு அதையும் சேர்த்தே சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் கீழே போனில் யாரிடமோ, மண்டபத்துக்கா ஆபீசுக்கா சார், எனக்கே தெரியல சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவருக்குப் பின்னால் முதலில் இருந்தது நான்தான். "எங்கம்மா போகணும்?" என்றார். டவுன் பஸ்ஸில் ஏறினவர்களிடம் கேட்கிற கேள்வி. நான் பிறந்து வளர்ந்த ஊரில் என்னிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. தண்ணீர் வழிகிற வாயோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.